மன்னிப்புக் கேட்க வராதவள்

நசாரியோ சீகோவின் நிழலைக் காணவில்லை என்று தெரிந்த அன்றே, அவர் வாசலைக் கடந்து போனவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

காட்டிலிருந்து திரும்பியவர் துப்பாக்கியை ஆணியில் மாட்டிவிட்டுக் கட்டிலில் படுத்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. காய்ச்சல் இல்லை, காயம் இல்லை. கண் திறந்திருந்தது, பார்வை வேறெங்கோ இருந்தது. வைத்தியக்காரி தோன்யா பெத்ரா வந்து மெழுகுவத்தியை ஏற்றிக் கட்டிலுக்கு இந்தப் பக்கம் பிடித்தாள். அந்தப் பக்கச் சுவரில் கட்டில் காலின் நிழல் விழுந்தது. போர்வையின் நிழல் விழுந்தது. ஆளின் நிழல் விழவில்லை.

ஒக்கோத்தால் ஊரில் இதற்கு மேல் யாரும் விளக்கம் கேட்கமாட்டார்கள். சின்னப் பிள்ளைகள் ஓடையில் பயந்து நிழலை விட்டுவிட்டு வருவதுண்டு. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வந்துவிடும். ஆனால் வேட்டைக்காரனுக்கு நிழல் போனால் ஒரே அர்த்தம்தான். அவன் சுட்ட விலங்குகள் சாகாமல் காயத்தோடு ஓடியிருக்கின்றன. அவன் பின்தொடர்ந்து போய் அவற்றின் வேதனையை முடிக்கவில்லை. அவை எரிமலைக்கு அடியில் இருக்கும் விலங்குகளின் எஜமானிடம் போய் முறையிட்டிருக்கின்றன. எஜமான் தன் குட்டி ஆட்களான சானேக்கேகளை அனுப்பி அவன் நிழலைப் பிடித்துவரச் சொல்லி, அந்தக் காயங்களுக்கு மருந்து போட உட்கார வைத்திருக்கிறார். காயம் ஆறினால் ஆள் எழுந்திருப்பான். ஆறாவிட்டால் இல்லை.

எழுந்தாலும் எழாவிட்டாலும், அசுத்தமான வேட்டைக்காரன் என்ற பெயர் போகாது.

அந்தப் பெயரைச் சீகோ வீட்டின் மேல் வைப்பதா? ஒரு குண்டுக்கு மேல் சுடாத வீடு அது. நசாரியோ தன் குண்டைத் தானே ஈயம் உருக்கி வார்ப்பார், கோலிக்குண்டு பருமனில். ஒரு மானை வீட்டுக்குக் கொண்டுவந்தால் அதன் எலும்பு ஒன்றுகூடக் குப்பைக்குப் போகாது, நாய்க்கும் போடமாட்டார்கள். கழுவி, துணியில் முடிந்து, அருவிக்குப் பின்னால் இருக்கும் குகையில் வைத்துவிட்டு வருவார்கள். எஜமான் அந்த எலும்புக்கு மறுபடி சதை போர்த்திக் காட்டுக்கு அனுப்புவார். வேட்டைக்குப் போகுமுன் அதே குகை வாசலில் சாம்பிராணி போட்டு, தொப்பியைக் கழற்றி, "நான் நசாரியோ சீகோ. ஒன்று கொடுங்கள்" என்று பெயர் சொல்லிக் கேட்கிற ஒரே ஆளும் அவர்தான். மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். சிரித்தவர்களும் உண்டு. சீகோ வீட்டார் எலும்பு பொறுக்குவதை நிறுத்தவில்லை.

சனிக்கிழமை மாலை மாட்டுப் பண்ணைக்காரர் தோன் ருத்தீலியோ வந்தார். துறைமுகத்திலிருந்து புதிதாக வாங்கிய இரட்டைக் குழல் துப்பாக்கியை வெளியே குதிரையிலேயே விட்டுவிட்டு, முகத்தில் துக்கத்தை வைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

"தமியானா, மனசத் தளர விடாத. மனுஷன்னா தப்பு பண்றதுதான். நாளைக்குப் பூசை முடிஞ்சதும் துப்பாக்கியக் கோயில் படியில வச்சிடு. அப்புறம் குகை வாசல்ல ஒரு கோழிய அறுத்து மன்னிப்புக் கேட்டுடலாம். ஊரே கூட நிக்கும். நானும் நிக்கறேன்."

நசாரியோவின் மனைவி தமியானா தலையை ஆட்டினாள். மூலையில் உட்கார்ந்து சோளம் உதிர்த்துக்கொண்டிருந்த அவள் மகள் இலாரியா எழுந்தாள். பதினோரு வயது, முதுகு மட்டும் கல்தூண் மாதிரி நேராக இருக்கும்.

"எங்கப்பா தப்புப் பண்ணல."

"பாத்தியா வாய! அசல் சீகோ வாய்."

"வாய் மட்டும் இல்ல தோன் ருத்தீலியோ. எங்க வீட்ல குறியும் நல்லாருக்கும்."

அவர் சிரித்தார். கண் சிரிக்கவில்லை. "அப்ப நிழல் எங்க போச்சு, காத்துல பறந்துடுச்சா?" என்று சொல்லித் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

குதிரைச் சத்தம் அடங்கியதும் தமியானா மகளின் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். "எனக்கு உங்கப்பா எழுந்திரிச்சாப் போதும்டி. தப்புன்னு சொன்னா விட்டுடுவாங்கன்னா நூறு தடவ சொல்வேன். முட்டி போட்டுச் சொல்வேன்."

"அப்பா எழுந்து, 'எனக்குப் பதிலா ஒத்துக்கிட்டது யாரு'ன்னு கேட்டா?"

தமியானா சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். சோளத்தை உதிர்த்துக்கொண்டே இருந்தாள். மணிகள் சட்டியில் விழாமல் தரையில் விழுந்தன.

விடிந்ததும் இலாரியா அப்பாவின் தோள்பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். பையில் அவர் வார்த்த குண்டு, கொஞ்சம் சாம்பிராணி, ஒரு தீப்பெட்டி. கோயில் மணி நண்பகலில்தான் அடிக்கும். அதற்குள் திரும்பிவிட வேண்டும். அம்மா மண்டியிட்டுவிட்டால் பிறகு எதைச் சொன்னாலும் எடுபடாது. வேலியைத் தாண்டும்போது பின்னால் காய்ந்த இலை நொறுங்கியது. கபுலீன். வீட்டுக் கறுப்பு நாய். ஒரு காது எப்போதும் மடங்கியே இருக்கும்.

"போ வீட்டுக்கு."

நாய் உட்கார்ந்தது. அவள் நடந்தாள். நாயும் நடந்தது.

அருவிக்குப் பின்னால் பாறை ஈரமாக இருந்தது. வழி தப்பாமல் இருக்க மேல்சட்டையைக் கழற்றி உள்புறம் வெளியே தெரியும்படி மாற்றிப் போட்டுக்கொண்டாள். சானேக்கேகளின் பாதையில் இறங்குகிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள். சாம்பிராணியைக் கொளுத்தினாள். அப்பாவைப் போலவே கால்களைச் சேர்த்து நின்றாள்.

"நான் இலாரியா சீகோ. நசாரியோ சீகோ பொண்ணு. வேட்டைக்கு வரல. மன்னிப்புக் கேக்கவும் வரல. எங்கப்பாவக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன். வழி விடுங்க."

உள்ளே யாரோ 'க்ளுக்' என்று சிரித்தார்கள். சாம்பிராணிப் புகை மேலே போகாமல் கீழ்நோக்கி இறங்கியது. இலாரியா அதைப் பின்தொடர்ந்தாள்.

வழி ஓர் இலவ மரத்தின் வேர்களுக்குள் நுழைந்து இறங்கியது. மேலே மரம் இல்லை; வேர் மட்டும் இருந்தது, வீட்டுச் சுவர் கனத்துக்கு. அடியில் சூரியன் இல்லாமலே வெளிச்சம் இருந்தது, அடர்ந்த இலைகளுக்குக் கீழே நிற்பது போலப் பச்சையாக.

"கொஞ்சம் மெதுவா நட. என் காலு ரெண்டு இல்ல, நாலு. நாலும் வழுக்குது" என்றது ஒரு குரல்.

இலாரியா திரும்பினாள். கபுலீன் அவளைப் பார்த்தது.

"என்ன முழிக்கற? இங்க எல்லாரும் பேசுவோம். மேலயும் பேசுவோம், உங்களுக்குத்தான் காது போதாது."

"அப்ப வீட்டுக்குப் போன்னு சொன்னப்ப புரிஞ்சுதா?"

"நல்லாப் புரிஞ்சுது. பிடிக்கல."

கீழே ஓர் ஆறு ஓடியது. கரையில் ஒரு முதலை அசையாமல் கிடந்தது, முதுகில் பலகை கட்டி. அதன்மேல் ஒரு சானேக்கே குந்தியிருந்தான். உயரம் ஐந்து வயதுப் பிள்ளை அளவு. முகம் ஊரிலேயே மூத்த கிழவனுடையது. பாதங்கள் பின்பக்கம் பார்த்திருந்தன.

"ஏய், சட்டைய மாத்திப் போட்ட குட்டி! ஆத்தத் தாண்ட என்ன தருவ?"

"நீங்க எங்க வீட்லேர்ந்து ஒரு ஆள எடுத்துட்டு வந்தீங்க. அதுக்கு எங்களுக்கு என்ன தந்தீங்க?"

அவன் வாயைத் திறந்து மூடினான். "கேள்விக்குக் கேள்வியா! சீகோவா நீ?"

"சீகோதான்."

"ஏறு, ஏறு. உங்கப்பனும் இப்படித்தான் பிடிச்சிட்டு வரப்ப முறைச்சுட்டே வந்தான்."

முதலை நகர்ந்தது. கபுலீன் பலகையின் நடுவில் வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டது.

அக்கரையில் இறங்கியதும் இலாரியா நின்றுவிட்டாள். காயம்பட்ட விலங்குகள் வரிசையாகப் படுத்திருந்தன. காட்டுப்பன்றிகள், மான்கள், இறக்கை தொங்கும் காட்டுக்கோழிகள். எதுவும் முனகவில்லை, மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது. அவற்றின் நடுவே ஒரு நிழல் மண்டியிட்டிருந்தது. முகம் இல்லை, கண் இல்லை. ஆனால் இடது தோளைச் சற்று உயர்த்தி வேலை செய்யும் அந்த வாட்டம் அவளுக்குத் தெரியும். நிழல் ஒரு பன்றியின் விலாவிலிருந்து எதையோ எடுத்து, பக்கத்தில் இருந்த சுரைக்குடுவையில் போட்டது. 'டிங்' என்றது.

"அப்பா!"

நிழல் நிமிர்ந்தது. உடனே ஒரு சானேக்கே குச்சியால் அதன் தோளில் தட்டினான். "வேலையப் பாரு!"

இலாரியா நாலு எட்டில் அங்கே போய்க் குச்சியைப் பிடுங்கினாள். முழங்காலில் வைத்து ஒடித்தாள். இரண்டு துண்டையும் அவன் கையிலேயே கொடுத்தாள்.

"எங்கப்பாவ யாரும் தட்டிக் கூப்பிடறதில்ல. பேர் சொல்லிக் கூப்பிடுங்க."

சானேக்கேகள் மரத்திலிருந்தும் பாறையிலிருந்தும் எட்டிப் பார்த்தார்கள். சிரித்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டான், ஏனென்றால் எஜமான் வந்துகொண்டிருந்தார்.

அவர் பெரிய உருவம் இல்லை. தோளில் கிளிகள் உட்கார்ந்திருந்தன. தலைமுடியில் பாசி வளர்ந்திருந்தது. அவர் நின்ற இடத்தில் ஒரு மலைப்பாம்பு இரண்டு மரங்களுக்கு இடையே தன்னைக் கட்டித் தொட்டிலாக வளைந்துகொடுத்தது. அவர் அதில் சாய்ந்தார். அவள் உட்கார, முதுகில் ஓடு போர்த்திய ஆர்மடில்லோ என்ற விலங்கு ஒன்று ஓடிவந்து உடம்பைக் குவித்துக்கொண்டது.

"உட்காரு."

"நிக்கறேங்க ஐயா. சொல்ல வேண்டியத நின்னுட்டே சொல்லிடறேன்."

எஜமானின் புருவம் ஏறியது. "சொல்லு."

"எங்கப்பா இதுல எதையும் சுடல."

"எல்லா வேட்டைக்காரன் பொண்ணும் அதத்தான் சொல்லும்."

"நான் சொல்லல. அது சொல்லும்" என்று இலாரியா சுரைக்குடுவையைத் தூக்கி அவர் முன் கவிழ்த்தாள். கடுகு கொட்டியது போலப் பொடிப்பொடியாக ஈயம் சிதறியது. பிறகு பையிலிருந்து அப்பாவின் குண்டை எடுத்து அதற்கு நடுவில் வைத்தாள். கோலிக்குண்டு. "இது எங்க வீட்டுது. இது பட்டா விலங்கு ஓடாது, விழும். இந்தப் பொடி எங்க வீட்ல கிடையாது. ஒரு தடவ சுட்டா நூறு சிதறுற துப்பாக்கி ஊர்ல ஒருத்தர்கிட்டதான் இருக்கு. சிநேகிதங்களோட வந்து, புதருக்குள்ள சத்தம் கேட்டாலே சுட்டுட்டு, சிரிச்சுட்டே போயிடுவார்."

எஜமான் குனிந்து பொடியை விரலால் அளைந்தார். ஒரு கிளி ஒன்றைக் கொத்திப் பார்த்துத் துப்பியது.

"அந்த ஆளோட பேர் என்ன?"

"உங்களுக்குத் தெரியாதா?"

"எப்படித் தெரியும்? மேல நடக்கறது எனக்குத் தெரியாது. குகை வாசல்ல நின்னு பேர் சொல்றவனத்தான் தெரியும். இப்பல்லாம் ஒருத்தன்தான் சொல்றான். அடிபட்ட பன்னி வந்தா, அடிச்சவன கூட்டிட்டு வான்னு ஆள் அனுப்பறேன். இவங்களுக்குத் தெரிஞ்ச ஒரே பேர் நசாரியோ சீகோ."

இலாரியாவின் காது மடல் சூடேறியது.

"அதாவது," என்றாள், ஒவ்வொரு சொல்லாக, "மரியாதையா வந்து, தொப்பியக் கழட்டி, பேர் சொல்லிக் கேட்டாரே, அதனால அவரப் பிடிச்சீங்க. பேரே சொல்லாம திருடிட்டுப் போறவர் வீட்ல சுகமாத் தூங்கறார். நல்லாருக்கு ஐயா உங்க நியாயம்."

எங்கோ ஒரு சானேக்கே கையால் வாயைப் பொத்திக்கொண்டான். மலைப்பாம்புகூட ஆடுவதை நிறுத்திவிட்டது.

எஜமான் விரலில் ஒட்டிய பொடியைத் தட்டிவிட்டார். பிறகு கையை அசைத்தார். "சரி. மன்னிச்சிட்டேன். உங்கப்பன கூட்டிட்டுப் போ."

நிழல் எழுந்தது. கபுலீன் வாலை ஆட்டிக்கொண்டு திரும்பியது. இலாரியா நகரவில்லை.

"ஏய், போலாங்கறாரு!" என்று நாய் கிசுகிசுத்தது. "காலத் தூக்கு!"

"மன்னிப்பு வேண்டாம்."

"என்ன?" என்றார் எஜமான்.

"மன்னிச்சிட்டேன்னா அவர் தப்புப் பண்ணார்னு அர்த்தம். மேல போனா ஊர்ல, 'எஜமான் பெரிய மனசு, விட்டுட்டார்'னு சொல்வாங்க. எங்களுக்கு அது வேண்டாம். தப்பான ஆளப் பிடிச்சிட்டேன்னு நீங்க சொல்லுங்க. அப்பக் கூட்டிட்டுப் போறேன்."

"எங்கிட்ட யாரும் அப்படிக் கேட்டதில்ல."

"யாரும் கேக்காததால இப்படி ஆயிடுச்சு போல."

எஜமான் தொட்டிலிலிருந்து இறங்கினார். இப்போது அவர் உயரமாகத் தெரிந்தார். "தப்பே இல்லாத வீடு, இல்லையா உங்களுது? எலும்பெல்லாம் திருப்பிக் கொடுக்கற வீடு?"

"ஒண்ணு விடாம."

அவர் சீழ்க்கை அடித்தார். வேர்களுக்குப் பின்னாலிருந்து ஒரு மான் வந்தது. சுடப்பட்ட மான் இல்லை. வழுவழுப்பான புதுத் தோல் போர்த்தியிருந்தது. ஆனால் முன்னங்கால் ஒன்று கணுவுக்குக் கீழே துணி மாதிரித் தொங்கியது. மூன்று காலில் தத்தித் தத்தி வந்து இலாரியாவின் எதிரே நின்றது.

"மழைக்கு முன்னால உங்கப்பன் கேட்டான், கொடுத்தேன். எலும்பு திரும்பி வந்துச்சு. கணுக்கால் எலும்பு ஒண்ணு வரல. இத நான் எப்படிக் காட்டுக்கு அனுப்புவேன்? இதுவும் பண்ணைக்காரன் வேலையா?"

அந்த மானை அவளுக்குத் தெரியும். எலும்புகளை ஓடையில் கழுவியது அவள்தான். கழுவி வெயிலில் பரப்பியதும் அவள்தான். காய்ந்ததும் துணியில் முடிந்து அப்பாவிடம் கொடுத்தபோது, "எல்லாம் இருக்கா?" என்று அவர் கேட்டார். "இருக்கு" என்று சொல்லியிருந்தாள். முடியும்போது அவள் சரிபார்க்கவில்லை.

அவள் காலருகே, மிகத் தாழ்வாக, ஒரு குரல் கேட்டது.

"இலாரியா. ஒண்ணு சொல்லணும்."

கபுலீனின் இரண்டு காதும் மடங்கியிருந்தன.

"நீ ஓடைக்குத் தண்ணி எடுக்கப் போன. வெயில்ல அது என்னையே பாத்துட்டுக் கிடந்துச்சு. நான் திங்கல, சத்தியமா. கொஞ்சம் கடிச்சேன். அப்புறம் பயந்துபோய்ப் பன்னிக் கொட்டாய்க்குப் பின்னால புதைச்சிட்டேன்."

சானேக்கேகள் வெடித்துச் சிரித்தார்கள். "நாயி! சீகோ வீட்டு நாயி!" என்று ஒருவன் மரத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டே கூவினான். "ஒண்ணு விடாமவாம்! ஒண்ணு விடாமவாம்!"

எஜமான் சிரிக்கவில்லை. காத்திருந்தார். "நாய் பண்ணதுதானே? நாய இங்க விட்டுட்டுப் போ. கணக்கு முடிஞ்சுது. உன் வீட்டுமேல பழி இல்ல."

கபுலீன் தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டது. அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

இலாரியாவின் முகம் முழுக்க எரிந்தது. ஆனால் முதுகு வளையவில்லை.

"நாய் எங்க வீட்டுச் சோத்தத் திங்குது. அது பண்ணது எங்க வீடு பண்ணது. காய வச்ச எலும்புக்குக் காவல் இல்லாமப் போனது நான். எல்லாம் இருக்குன்னு சொன்னதும் நான். இந்த மான் எங்களுது. நாங்க பண்ண தப்பு. இதுக்கும் மன்னிப்புக் கேக்க மாட்டேன், எலும்பக் கொண்டுவந்து தருவேன்."

"யார் போய் எடுத்துட்டு வருவாங்க?"

"புதைச்ச இடம் தெரிஞ்சவன். அவன் வர்ற வரைக்கும் நான் இங்க இருக்கேன்."

"ஒரு நாய நம்பி?" என்றார் எஜமான். "எலும்புக்கு?"

"எங்க வீட்டு நாய நம்பி."

கபுலீன் ஒரு கணம் அவளைப் பார்த்தது. பிறகு திரும்பி ஓடியது. முதலைக்குக்கூடக் காத்திருக்காமல் ஆற்றில் குதித்து நீந்தியது.

இலாரியா ஆர்மடில்லோ மேல் உட்கார மறுத்து நின்றுகொண்டே இருந்தாள். சானேக்கேகள் சுற்றி உட்கார்ந்து, நாய் வராது என்று ஒருவனும், வரும் ஆனால் வெறும் வாயோடு வரும் என்று இன்னொருவனும் சண்டை போட்டார்கள். அவளை ஆற்றைத் தாண்ட வைத்த அந்த முதலைக்காரன் மட்டும், "வரும்யா. அந்த வீட்டுத் திமிர் நாய்க்கும் இருக்கும்" என்றான். அப்பாவின் நிழல் அவள் பக்கத்தில் வந்து நின்றது. அதன் கைக்குக் கனம் இல்லை. ஆனாலும் தோளில் அது பட்ட இடம் குளிர்ச்சியாக இருந்தது.

கால் மரத்துப்போனது. அம்மா இந்நேரம் கோழியைக் கட்டியிருப்பாள். துப்பாக்கியை ஆணியிலிருந்து எடுத்திருப்பாள்.

தண்ணீரில் ஒரு கறுப்புத் தலை தெரிந்தது. வாய் மண்ணாக இருந்தது. கபுலீன் கரையேறி, உடம்பைக்கூட உதறாமல், வாயில் இருந்ததை இலாரியாவின் காலடியில் வைத்தது. சின்ன எலும்பு. ஓரத்தில் பல் பட்ட தழும்பு.

"வழியெல்லாம் வாயில வச்சிருந்தேன்" என்றது மூச்சிரைக்க. "வழியெல்லாம்! யாருக்காவது தெரியுமா அது எவ்வளவு கஷ்டம்னு?"

எஜமான் எலும்பை எடுத்து மானின் காலுக்குள் பொருத்தினார். மான் காலை ஊன்றியது. நடந்தது. ஒவ்வொரு எட்டிலும் லேசாகச் சாய்ந்தது.

"கடிச்சது கடிச்சதுதான்" என்றார். "இந்த நொண்டல் போகாது."

"தெரியும்" என்றாள் இலாரியா. "பாக்கறப்பல்லாம் எங்களுக்கு ஞாபகம் இருக்கும்."

எஜமான் தொண்டையைச் செருமினார். தோளில் இருந்த கிளிகளைத் தட்டிவிட்டார். மறுபடி செருமினார். மீன் முள் சிக்கியவர் மாதிரி இருந்தது.

"உன்னுத நீ சொல்லிட்ட," என்றார் கடைசியில். "என்னுத நான் சொல்லாம இருந்தா அசிங்கம். நசாரியோ சீகோ, நான் பிடிச்சது தப்பான ஆள. தப்பு என்னுது."

நிழல், தலையில் இல்லாத தொப்பியைத் தொட்டது.

"அந்த இன்னொருத்தர் பேர் வேணுமா?" என்று இலாரியா கேட்டாள்.

"வேண்டாம். அடிபட்டதுங்களுக்கே வீடு தெரியும், யார் சுட்டதுன்னு வலிக்கு ஞாபகம் இருக்கும். யாரும் கேக்கல, அதான் சொல்லல." எஜமான் காயம்பட்ட விலங்குகள் பக்கம் திரும்பினார். "எழுந்திரிங்க. உங்க வைத்தியர் மேல இருக்கார்."

ஒக்கோத்தாலில் மணி அடித்து முடிந்திருந்தது. கோயில் முற்றத்தில் ஊர் கூடியிருந்தது. படியில் நசாரியோவின் துப்பாக்கி கிடந்தது. தமியானா கையில் கோழியோடு, மகளைக் காணாத கலவரத்தோடு நின்றாள். தோன் ருத்தீலியோ நிழலான இடமாகப் பார்த்து நின்று, "நேரமாகுது தமியானா, கிளம்பலாம்" என்றார்.

அப்போது ஓடைப் பக்கமாக முதலில் ஒரு கறுப்பு நாய் வந்தது. அதன் பின்னால் சட்டையை மாற்றிப் போட்ட இலாரியா. அவள் பக்கத்தில், பட்டப்பகலில், வெள்ளை வெயிலில், ஆள் இல்லாமல் ஒரு நிழல் மட்டும் தரையில் நடந்து வந்தது.

யாரோ சிலுவை போட்டுக்கொண்டார்கள். கூட்டம் வழி விட்ட இடத்தில் நிழல் நிமிர்ந்து நடந்து, முற்றத்துக்கு எதிரே இருந்த சீகோ வீட்டு வாசலில் ஏறி உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் நசாரியோ கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். அவர் காலடியில், அவர் அளவுக்கு, அவருடைய நிழல் விழுந்தது.

தமியானா கோழியைக் கீழே விட்டாள். அது கொக்கரித்துக்கொண்டு ஓடியது.

"மண்டி போட்டுட்டியாம்மா?" என்றாள் இலாரியா.

"இன்னும் இல்லடி."

"போடாத."

பின்னால் காடு அசைந்தது. பன்றிகள் வந்தன. மான்கள் வந்தன. இறக்கையை இழுத்துக்கொண்டு காட்டுக்கோழிகள் வந்தன. நசாரியோ வாசலை அவை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக முற்றத்தைக் கடந்து தோன் ருத்தீலியோவைச் சுற்றி நின்றன. ஒரு கிழட்டுப் பன்றி அவருடைய பளபளப்பான காலணியின் மேல் உட்கார்ந்தது.

"இதென்ன கூத்து! ஓட்டுங்கய்யா யாராவது!" என்று அவர் கத்தினார். யாரும் நகரவில்லை. எல்லார் கண்ணும் பன்றியின் விலாவில் பொரிந்திருந்த சின்னச்சின்ன ஓட்டைகளைப் பார்த்துவிட்டன. அடுத்து அவர் குதிரையில் தொங்கிய இரட்டைக் குழலைப் பார்த்தன.

தோன்யா பெத்ரா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "வீட்டுக் கதவத் தொறந்து வைங்க தோன் ருத்தீலியோ. உங்க விருந்தாளிங்கதான். மருந்து நான் தரேன், பொறுக்கி எடுக்கறது நீங்க."

அவர் நடந்தார். அவையும் நடந்தன. அவர் ஓடினார். அவையும் ஓடின. அவர் காலுக்குக் கீழே வெயில் வெறுமையாகக் கிடந்ததை முதலில் கவனித்தவர்கள் பிள்ளைகள்தான். கிழட்டுப் பன்றி அவர் நிழலை வாயில் கவ்விக்கொண்டு முன்னால் போய்க்கொண்டிருந்தது.

முற்றத்தில் சிரிப்பு எழுந்தது. நேற்று வரை குரலைத் தாழ்த்தியவர்கள் நசாரியோவின் கையைப் பிடித்துக் குலுக்க வந்தார்கள். ஒருவர் துப்பாக்கியைப் படியிலிருந்து எடுத்துத் துடைத்து நீட்டினார். "எங்களுக்கு அப்பவே தெரியும் நசாரியோ" என்றார் இன்னொருவர். "உங்க வீட்டுமேல ஒரு பொட்டுக் கறை உண்டா?"

அப்போது கடைசியாக ஒரு மான் முற்றத்துக்கு வந்தது. காயம் இல்லை. ஒவ்வொரு எட்டிலும் லேசாகச் சாய்ந்தது.

"பாரு, இதையும் நொண்டியாக்கிட்டான் அந்தப் படுபாவி" என்றார் முதலாமவர். "சூ, அந்தப் பக்கம் போ. பண்ணை அங்க இருக்கு."

மான் போகவில்லை. முற்றத்தின் நடுவில் நின்று இலாரியாவைப் பார்த்தது. அவள் வாயைத் திறக்காமல் இருந்தால், யாருக்கும் தெரியப்போவதில்லை. அப்பாவின் முகத்தில் நிறம் இப்போதுதான் திரும்பியிருந்தது. அம்மா இப்போதுதான் சிரித்திருந்தாள். கபுலீன் அவள் காலோடு ஒட்டி நின்றது. மேலே அதற்குப் பேச்சு இல்லை.

இலாரியா கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடுவே போய் மானின் கழுத்தில் கை வைத்தாள்.

"இது அவருது இல்ல" என்றாள், கோயில் கதவு வரைக்கும் கேட்கும்படி. "இது எங்களுது. எலும்ப நான் சரியாக் காவல் காக்கல. எங்க நாய் கடிச்சிடுச்சு. எல்லாம் இருக்குன்னு அப்பாகிட்ட நான்தான் தப்பாச் சொன்னேன்."

நசாரியோ மகளிடம் வந்தார். இடது தோள் சற்று உயர்ந்திருந்தது. மானின் காலைக் குனிந்து பார்த்தார். பிறகு மகளை.

"மன்னிப்புக் கேட்டியா?"

"இல்லப்பா. எலும்பக் கொடுத்தேன்."

அவர் தலையை ஒரு முறை அசைத்தார். தொப்பியைக் கழற்றி, மானுக்கு வழி விட்டு ஒதுங்கி நின்றார். ஊர் அவரைப் பார்த்து ஒதுங்கியது. மான் சாய்ந்து சாய்ந்து, அவசரப்படாமல், சீகோ வாசலைக் கடந்து காட்டுக்குள் போனது.